வீலில் ஒட்டும் அந்தக் கருப்பு

காரைக் கழுவி ஒரு வாரம் ஓட்டிய பிறகு நாலு வீலையும் ஒரு சுற்று சுற்றிப் பாருங்க. பின் வீல் இரண்டும் ஓரளவு சுத்தமாக இருக்கும். முன் வீல் இரண்டிலும் மட்டும் கரி பூசியது மாதிரி ஒரு கருப்பு படிந்திருக்கும். ரோட்டுத் தூசி என்றால் நாலிலும் ஒரே மாதிரி இருந்திருக்கணும். நிறமும் செம்மண் கலந்து இருந்திருக்கணும். இது விரலில் தொட்டால் மை மாதிரி ஒட்டுது, வெறும் தண்ணி அடிச்சா போக மாட்டேங்குது.

அது பிரேக் தூள். பிரேக் பேடும் அது பிடிக்கிற டிஸ்க்கும் ஒன்றையொன்று தேய்த்து உதிர்த்தது. பிரேக் அடிக்கும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாய்வதால், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை முன் வீல்கள்தான் செய்கின்றன. பல சின்னக் கார்களில் பின்னாடி டிரம் பிரேக் வேற. அதுக்குள்ள உதிர்வது வெளியே தெரியாது.

வாட்டர் வாஷ் செய்கிற அண்ணனுக்கு ஒரு தொல்லை, அவ்வளவுதான் என்று நாமும் விட்டுவிடுகிறோம். ஆனால் வீலில் ஒட்டியது மொத்தத்தில் ஒரு பங்குதான். மிச்சத்தில் கொஞ்சம் ரோட்டில் விழுந்து மழையில் அடித்துக்கொண்டு போகிறது. ரொம்பச் சின்னத் துகள்கள் காற்றில் மிதக்கின்றன. அந்தத் துகளில் என்னென்ன இருக்கும்? அடுத்த முறை பேட் மாற்றும்போது கடையில் நாம் எந்த டப்பாவை எடுக்கிறோமோ, அதைப் பொறுத்தது.

கொஞ்சம் கணக்கு

1,500 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகிறது. அதன் இயக்க ஆற்றல் சுமார் 370 கிலோஜூல். ஒரு லிட்டருக்கும் மேலான தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிக்க வைக்க இது போதும். குறுக்கே மாடு வந்தால் இவ்வளவையும் நாலைந்து வினாடியில் வெப்பமாக மாற்றியாகணும். 16 டன் லாரி 60 கி.மீ. வேகத்தில் வந்தால் அது 2.2 மெகாஜூல், அதாவது காரைப்போல் ஆறு மடங்கு.

இந்த வேலையைச் செய்ய இரண்டு பரப்புகள் உரசியே ஆகணும். எது தேயணும் என்பதை மட்டும் டிசைன் செய்பவர் முடிவு செய்யலாம். டிஸ்க் விலை அதிகம், மாற்றுவதும் பெரிய வேலை. அதனால் பேடை மென்மையாக வைத்து அதைத் தேய விடுகிறார்கள். பேட் தேய்வது பழுது இல்லை, அதுதான் அதோட வேலை.

எவ்வளவு தேயும்? நம்ம வசதிக்கு எண்களை வைத்துக்கொள்வோம். ஒரு பேடின் உரசும் பரப்பு 50 சதுர செ.மீ., 40,000 கி.மீ. ஓடும்போது 8 மி.மீ. தேய்கிறது, அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 2.5 கிராம். முன்னாடி மொத்தம் நாலு பேட். பெருக்கிப் பார்த்தால் 400 கிராம் வருகிறது. கிலோமீட்டருக்கு 10 மில்லிகிராம். டிஸ்க்கிலிருந்து உதிரும் இரும்பு இதில் சேரவில்லை, பின் பிரேக்கும் சேரவில்லை.

10 மில்லிகிராம் என்பது சின்ன எண்ணாகத் தெரியலாம். பி.எஸ். 6 விதிப்படி ஒரு டீசல் காரின் புகைக்குழாயிலிருந்து வரும் துகளுக்கு உச்சவரம்பு கிலோமீட்டருக்கு 4.5 மில்லிகிராம். பிரேக்கில் உதிர்வது முழுவதும் காற்றில் மிதக்காது. பாதிக்குக் கீழ் என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு புகைக்குழாய்க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. புகைக்கு வரம்பு இருக்கு, சர்டிபிகேட் இருக்கு, வழியில் நிறுத்திக் கேட்க ஆள் இருக்கு. பிரேக் தூளுக்கு நம்ம நாட்டில் அப்படி ஒரு வரம்பு இல்லை.

இன்னொன்று. கார் மொத்தமாக 2 லட்சம் கி.மீ. ஓடும் என்றால் ஐந்து செட் பேட் தேவை. முதல் செட் கம்பெனியில் போட்டு வருவது. அதைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு டைனமோமீட்டரில் சோதித்திருக்கும். மீதி நாலு செட்டைத் தேர்ந்தெடுப்பது யார்? கடைக்காரர் கையில் எது இருந்ததோ, மெக்கானிக் எதைச் சொன்னாரோ, நம்ம பர்ஸ் எதற்கு ஒத்துக்கொண்டதோ, அது. ஒரு காரின் வாழ்நாள் தூளில் ஐந்தில் நாலு பங்கு இப்படி வருவதுதான். லாரிக்கு இந்தப் பங்கு இன்னும் அதிகமாகத்தான் இருக்கும்.

பேடுக்குள் என்ன இருக்கு

1888இல் பெர்த்தா பென்ஸ் தன் கணவரின் மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் போனார். வழியில் இறக்கங்களில் மரக்கட்டை பிரேக் தேய்ந்துபோக, செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் சொல்லித் தோலை அதன்மேல் அடித்துக்கொண்டார். உலகின் முதல் பிரேக் லைனிங் என்று இதைத்தான் சொல்கிறார்கள். 1897இல் இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட் தொடங்கிய ஃபெரோடோ கம்பெனி, சில வருடங்களில் ஆஸ்பெஸ்டாஸுக்கு வந்து சேர்ந்தது. பொறியியல் கண்ணோடு மட்டும் பார்த்தால் ஆஸ்பெஸ்டாஸ் அருமையான பொருள். நாராக நெய்யலாம், எரியாது, டிரம்மைக் கீறாது, விலையும் குறைவு. முக்கால் நூற்றாண்டுக்கும் மேல் உலகத்தின் பிரேக்குகள் அதில்தான் நின்றன.

அதன் நார் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது என்பதுதான் பிரச்சினை. நுரையீரல் தழும்பேறி இறுகும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றிய உறையில் வரும் மீசோதீலியோமா எல்லாம் அதனால் வருபவை. சுவாசித்து 20, 30, 40 வருடம் கழித்துத்தான் நோய் தெரியும். ஐரோப்பிய ஒன்றியம் 2005க்குள் ஆஸ்பெஸ்டாஸை முழுக்க நிறுத்தியது. அமெரிக்கா மாற்றுப் பிரேக் லைனிங்குகளில் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்யும் விதியை 2024இல்தான் கொண்டுவந்தது. இந்தியாவில் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் முழுசாகத் தடை செய்யப்படவில்லை, இறக்குமதியாகிக்கொண்டிருக்கிறது.

அந்த ஒரு நார் செய்த எல்லா வேலையையும் செய்ய வேறு ஒரு பொருள் கிடைக்கவில்லை. அதனால் இன்றைய பேட் ஒரு சாம்பார்ப் பொடி மாதிரி: பத்து இருபது சாமான், ஒவ்வொன்றும் ஒரு காரணத்துக்கு. எல்லாத்தையும் பிடித்து வைக்க ஃபீனாலிக் ரெசின். பலத்துக்கு எஃகு நாரோ, அராமிட் நாரோ, கனிம நாரோ. வழவழப்புக்கு கிராஃபைட், ஆன்டிமனி சல்ஃபைடு. பிடிப்புக்கு அலுமினா மாதிரியான உராய்வுப் பொடி. இடத்தை நிரப்ப பேரைட்டு. ஆந்திராவின் மங்கம்பேட்டையில் மலையாகக் கிடக்கிற அதே கனிமம். நகரக் காற்றை வடிகட்டிப் பார்க்கிறவர்கள் பேரியம், ஆன்டிமனி, காப்பர் மூன்றும் சேர்ந்து கிடைத்தால் இது பிரேக்கிலிருந்து வந்தது என்று அடையாளம் காண்கிறார்கள்.

இந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்தது முந்திரி. முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் ஃபீனால் குடும்பத்தைச் சேர்ந்தது. பண்ருட்டிப் பக்கம் கொட்டை உடைப்பவர்களின் கையைப் புண்ணாக்குவதும் அதே எண்ணெய்தான். அதைக் கெட்டியாக்கி அரைத்தால் ரப்பர் மாதிரியான ஒரு பழுப்புப் பொடி. அதைப் பேடில் கலந்தால் கீச்சுச் சத்தம் குறையும், பிடிப்பு சீராக இருக்கும். பாயசத்தில் பருப்பு, பிரேக்கில் ஓடு!

இந்தச் சாமான்களின் அளவை மாற்றினால் பேடின் வகை மாறுகிறது. செமி மெட்டாலிக்கில் எஃகு நாரும் இரும்புத் தூளும் நிறைய. வெப்பம் தாங்கும், சத்தம் போடும். ஐரோப்பியக் கார்களில் அதிகம் வருவது லோ மெட்டாலிக். வேகத்தில் நன்றாகப் பிடிக்கும், டிஸ்க்கையும் சேர்த்துத் தின்னும், வீலைக் கருப்பாக்குவதில் முதலிடம். ஜப்பானிய, அமெரிக்கக் கார்களில் பெரும்பாலும் என்.ஏ.ஓ., அதாவது ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத ஆர்கானிக் வகை. சத்தம் குறைவு, தூளும் குறைவு. கடையில் செராமிக் என்று விற்பது பெரும்பாலும் இதற்கு அண்ணன் தம்பிதான்.

வீலில் ஒட்டிய கருப்பு சுலபத்தில் போகாததற்கும் இதில் பதில் இருக்கு. தூளில் பெரும்பங்கு இரும்பு. சூடாக வந்து பெயின்ட்டில் பதிகிறது, ஈரம் பட்டதும் அங்கேயே துருப்பிடிக்கிறது. சில வீல் கிளீனரை அடித்ததும் ஊதா நிறத்தில் வழியுமே, அது இரும்போடு நடக்கிற வேதிவினை.

தூள் குறைவு என்றால் நல்லதா?

"லோ டஸ்ட்" என்று டப்பாவில் போட்டிருந்தால் நாம் என்ன நினைப்போம்? வீலும் சுத்தம், காற்றும் சுத்தம். முதல் பாதி சரி.

2025இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாலு வகைப் பேடின் தூளையும் ஆய்வகத்தில் வளர்த்த நுரையீரல் செல்களின் மேல் சோதித்து வெளியிட்டார்கள். கூடவே டீசல் புகைத் துகளையும் வைத்தார்கள். அதிகக் கேடு செய்தது வீலைக் கருப்பாக்கும் லோ மெட்டாலிக் இல்லை, என்.ஏ.ஓ. வகைதான், அடுத்து செராமிக். டீசல் துகளைவிட இவை மோசமாக இருந்தன. காரணமாக அவர்கள் காட்டியது காப்பர். தூளிலிருந்து காப்பரைப் பிடித்துக் கட்டிவிட்டால் பாதிப்பு குறைந்தது.

ஆஸ்பெஸ்டாஸ் போன பிறகு வெப்பத்தைக் கடத்தவும் பிடிப்பைச் சீராக்கவும் பேடுக்குள் வந்ததுதான் காப்பர். ஒரு கேட்டை எடுத்துவிட்டு வைத்த இடத்தில் இன்னொன்று உட்கார்ந்துகொண்டது. இது ஆய்வகத்துச் செல்லில் பார்த்த முடிவு, மனிதர்களில் எண்ணிப் பார்த்தது இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லணும். ஆனாலும் கண்ணுக்குத் தெரிகிற கருப்பை வைத்து ஆபத்தை அளக்க முடியாது என்பதற்கு இது போதும். பெரிய துகள் வீலில் ஒட்டும், கண்ணுக்குப் படும். நுரையீரலின் ஆழத்துக்குப் போவது கண்ணுக்கே தெரியாத அளவு.

காப்பருக்கு எதிரான சட்டம் நுரையீரலுக்காக வரவில்லை, மீனுக்காக வந்தது என்பது வேடிக்கை. ரோட்டில் விழுந்த காப்பர் மழையோடு ஓடைக்குப் போய் சால்மன் மீன்களைக் கெடுக்கிறது என்று அமெரிக்காவின் வாஷிங்டன், கலிஃபோர்னியா மாநிலங்கள் 2010இல் சட்டம் போட்டன. கலிஃபோர்னியாவில் பேடில் காப்பர் 2021 முதல் எடையில் 5 சதவீதத்துக்குள்ளும், 2025 முதல் 0.5 சதவீதத்துக்குள்ளும் இருக்கணும். அந்தச் சந்தைக்காகப் பல தயாரிப்பாளர்கள் கலவையையே மாற்றினார்கள்.

டிரம்மைக் கழற்றும் நிமிடம்

இதுவரை சொன்னது ரோட்டில் போகிற எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வரும் தூள். ஒருத்தருக்கு மட்டும் மொத்தமாக வரும் இடம் ஒன்று இருக்கிறது. அது பட்டறை.

நம்ம லாரிகளில், பஸ்களில் பெரும்பாலும் டிரம் பிரேக். வளைந்த ஷூவின் மேல் லைனிங்கை ரிவிட் அடித்து வைத்திருப்பார்கள். அது டிரம்மின் உள்பரப்பை அழுத்திப் பிடிக்கும். மூடிய பாத்திரம் மாதிரி இருப்பதால் உதிர்ந்த தூளில் நிறைய உள்ளேயே தங்கிவிடும். சில மாதத்துத் தூள், ஒரு வீலுக்குள். டிரம்மைக் கழற்றும் நாளில் அது திறக்கிறது. அப்புறம் என்ன நடக்கும் என்று நாமக்கல், சங்ககிரி பக்கம் எந்த லாரிப் பட்டறையில் நின்றாலும் பார்க்கலாம். கம்ப்ரசர் பைப்பை எடுத்து ஒரு அடி. சாம்பல் நிற மேகம் எழும். அடிப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், பக்கத்து வண்டிக்கு கீழே படுத்திருப்பவருக்கு அதுவும் முடியாது. ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையன் டிரம்முக்கு எதிரில் நிற்பான்.

லைனிங் ஆஸ்பெஸ்டாஸ் வகையாக இருந்தால் அந்த மேகத்தில் எவ்வளவு நார் இருக்கும்? இங்கே ஒரு நுணுக்கம். பிரேக்கின் உரசும் பரப்பில் வெப்பம் பல நூறு டிகிரிக்குப் போகும்போது ஆஸ்பெஸ்டாஸ் சிதைந்து ஃபோர்ஸ்டரைட் என்ற வேறொரு கனிமமாக மாறுகிறது. அதனால் தேய்ந்த தூளில் நாராக மிஞ்சுவது பொதுவாக ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அப்பாடா என்று இருக்கலாம். ஆனால் புது லைனிங் இன்னும் சூட்டைப் பார்க்கவில்லை. அதை ரிவிட் அடித்த பிறகு டிரம்முக்குப் பொருந்தும்படி லேத்தில் கடைவதும், ஓரத்தை அரத்தால் சீவுவதும், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் பழசை ஊதுவதைவிட மோசம். அங்கே வருவது சிதையாத முழு நார். தினமும் நாலு செட் லைனிங் மாற்றுகிற ஒருவர் முப்பது வருடம் இதைச் செய்கிறார். நோய் வந்தாலும் அது பிரேக்கினால் என்று சொல்ல அப்போது யாரிடம் கணக்கு இருக்கும்? நார் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கும் போகும். ஆஸ்பெஸ்டாஸ் வேலை செய்தவர்களின் துணியைத் துவைத்த மனைவிமாருக்கு மீசோதீலியோமா வந்தது மருத்துவத்தில் பதிவான விஷயம்.

இதற்கு மாற்று பெரிய மெஷின் இல்லை. அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதிகளில் பிரேக் வேலைக்கென்றே ஒரு பகுதி உண்டு. ஊதுவதையும் காய்ந்த பிரஷ்ஷால் தட்டுவதையும் விட்டுவிட்டு, நுண் வடிகட்டி உள்ள வாக்குவம், இல்லையென்றால் ஈரம் என்கிறது. ஈர முறை எந்தப் பட்டறைக்கும் கட்டுப்படியாகும். டிரம்மைக் கழற்றும்போதே இடுக்கில் சோப்புத் தண்ணியை மெதுவாகத் தெளிக்கணும், வேகமாகப் பீய்ச்சக்கூடாது. கீழே ஒரு தட்டு. நனைந்த தூளை ஈரத் துணியால் துடைத்து, துணி காய்வதற்கு முன் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிடணும். பெட்ரோல், டீசல் வேண்டாம். தீ ஆபத்து ஒரு பக்கம், லைனிங் எண்ணெய் குடித்தால் பிடிப்பு போய்விடும் என்பது இன்னொரு பக்கம். முகத்தில் கர்ச்சீப் கட்டுவது இந்த அளவுத் துகளைத் தடுக்காது. என்95 அதைவிட எவ்வளவோ மேல், ஆனால் ஆஸ்பெஸ்டாஸுக்கு அதுவே போதும் என்று நினைக்கக்கூடாது. எந்த லைனிங் என்று தெரியாவிட்டால் ஆஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொண்டு வேலை செய்வது நல்லது. நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க, மைக்ராஸ்கோப் இல்லாமல் முடியாது.

ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத லைனிங் கிடைக்காத பொருளும் இல்லை. சென்னையில் பாடி, அம்பத்தூர் பக்கம் பிரேக் லைனிங் தொழிற்சாலைகள் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. அங்கிருந்து வரும் சரக்கு வெளிநாட்டுக்கே போகிறது. விலையில் வித்தியாசம் இருக்கும். லாரிக்காரர் கணக்குப் போடுவது அதில்தான். அவரைக் குறை சொல்லி என்ன செய்வது, தோப்பூர் இறக்கத்தில் நிற்கணும் என்பதுதான் அவருடைய முதல் கவலை. அந்த இறக்கத்தில் கால் பிரேக்கையே நம்பாமல் தாழ்ந்த கியரிலும் எக்ஸாஸ்ட் பிரேக்கிலும் இறங்கினால் லைனிங் சூடேறிப் பிடிப்பு இழப்பது குறையும், தூளும் குறையும்.

டப்பாவில் என்ன பார்க்கலாம்

பேடின் பின்தகட்டிலோ ஓரத்திலோ எழுத்துகள் அச்சிட்டிருக்கும். தயாரிப்பாளர் குறி, கலவை எண், கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்து. அந்த இரண்டும் உராய்வுக் குறி: முதலாவது சாதாரணச் சூட்டில், இரண்டாவது அதிகச் சூட்டில். 'இ' என்றால் உராய்வுக் கெழு 0.25 முதல் 0.35, 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45, 'ஜி' என்றால் 0.45 முதல் 0.55. 'எஃப் இ' என்று இருந்தால் சூடானதும் பிடிப்பு குறையும் என்று அர்த்தம். இது தரச் சான்று இல்லை. தூளைப் பற்றியும் ஒன்றும் சொல்லாது. அமெரிக்கச் சந்தைக்கான பேடில் மூன்று இலைகள் போட்ட சின்னம் ஒன்று இருக்கும். அதோடு 'ஏ' என்ற எழுத்து வந்தால் ஆஸ்பெஸ்டாஸ், ஈயம், பாதரசம் போன்றவை வரம்புக்குள். 'பி' என்றால் காப்பரும் 5 சதவீதத்துக்குள். 'என்' என்றால் காப்பர் 0.5 சதவீதத்துக்குள். இங்கே கட்டாயம் இல்லை, ஆனால் கண்ணில் பட்டால் படிக்கத் தெரிந்திருக்கணும். எந்தக் குறியும் இல்லாத, தயாரிப்பாளர் பெயரே இல்லாத பேடை வாங்கவே வேண்டாம்.

இனி வருவது யூரோ 7. கார் பிரேக்கிலிருந்து காற்றில் கலக்கும் 10 மைக்ரானும் அதற்குக் குறைவுமான துகளுக்கு உலகிலேயே முதல் முறையாக வரம்பு வைத்திருக்கிறது: கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், முழு எலெக்ட்ரிக் கார் என்றால் 3. புதிய மாடல்களுக்கு 2026 நவம்பர் 29 முதல். மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரிக்கு அனுப்புவதால் எலெக்ட்ரிக் காரில் பேட் அதிகம் வேலை செய்யாது. அதனால்தான் அதற்கு வரம்பு இறுக்கம். மற்றவர்கள் டிஸ்க்கின் மேல் கடினப் பூச்சு கொடுப்பது, கலவையை மாற்றுவது, காலிபர் பக்கத்திலேயே ஃபில்டர் வைப்பது என்று முயன்றுகொண்டிருக்கிறார்கள்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தேடும் நண்பர்களுக்கு ஒரு யோசனை. மூடிய அறை, வடிகட்டிய காற்று, டைனமோமீட்டர் எல்லாம் வைத்து அளப்பது நம்ம லேபில் நடக்காது. ஆனால் காலேஜ் பஸ் பிரேக் ஷூவை சர்வீஸுக்குக் கழற்றும்போது எடை போட்டு, ஓடிய கிலோமீட்டரையும் எழுதி வைத்தால் போதும். அடுத்த சர்வீஸில் கழித்துப் பார்த்தால் மேலே நான் ஊகித்த எண்ணுக்குப் பதில் உண்மையான எண் கிடைக்கும். எந்த பிராண்ட் லைனிங், எந்த ரூட், எத்தனை ஸ்டாப் என்பதையும் பக்கத்தில் குறிச்சு வைங்க. எடை போடுவதற்கு முன் ஷூவை ஈரத் துணியால் துடைத்துக் காய வையுங்க. கம்ப்ரசர் பைப் பக்கம் போகாதீங்க.